நாணல் வேரும் ஆலைக் கழிவும்

நவி மும்பைச் சான்பாடாவின் ஒரு பக்கம் துர்பேயில் தொடங்கி ஐரோலி, திகா வரை நீளும் எம்ஐடிசி தொழிற்பேட்டை. மறுபக்கம் பாம் பீச் சாலை. அதையும் தாண்டினால் சதுப்பு, கண்டல் காடு, தாணே கழிமுகம். மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் 1960களில் உருவாக்கிய தாணே–பேலாப்பூர் பட்டையில்தான் மருந்து மூலப்பொருள், சாயம், பெயிண்ட், பிளாஸ்டிக் மூலப்பொருள் என்று இந்திய இரசாயனத் தொழிலில் கணிசமான பங்கு வளர்ந்தது. கழிமுகத்தின் ஒரு பகுதி 2018இல் பூநாரைச் சரணாலயம் ஆயிற்று. 2022இல் ராம்சார் பட்டியலிலும் ஏறிற்று. ஆலைகளுக்கும் பூநாரைகளுக்கும் நடுவே ஓடுகிற நாலாக்களின், அதாவது கழிவுநீர் ஓடைகளின், ஓரத்தில், யாரும் நடாமலே, சம்பும் நாணலும் மண்டிக் கிடக்கின்றன.

இந்தச் செடிகளின் வேரிலும் வேருக்குள்ளும் குடியிருக்கும் நுண்ணுயிர்களைக் கொண்டே ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்துவிடலாம் என்ற பேச்சு இருபது ஆண்டுகளாக வலுத்து வருகிறது. ஆய்விதழ்களில் கட்டுரைகள் குவிகின்றன. அதே வேகத்தில், பொட்டலத்தில் பாக்டீரியா விற்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை, அந்த உண்மை மும்பை போன்ற ஊருக்கு எவ்வளவு பயன்படும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேரடி நுண்ணுயிர் உண்மையாகவே வேலை செய்கிறது, ஆனால் கடைசிப் படியில், தின்னக்கூடிய கழிவில், இடம் தாராளமாக இருந்தால் மட்டும்.

நுண்ணுயிரை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது புதிய சங்கதி அல்ல. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் செய்து காட்டிய, காற்றை ஊதி பாக்டீரியாவை வளர்க்கும் முறைதான் இன்றும் உலகெங்கும் நடக்கிறது. தாணே–பேலாப்பூர் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்குச் சுமார் 27 மில்லியன் லிட்டர் கழிவுநீரைக் கையாளும் திறன் கொண்டது. நவி மும்பை மாநகராட்சியின் சான்பாடா கழிவுநீர் நிலையத்தின் திறன் 37.5 மில்லியன் லிட்டர். இரண்டிலும் கடைசியில் அழுக்கைத் தின்பது பாக்டீரியாதான். வேரடி முறையிலிருந்து வித்தியாசம், இங்கே காற்றூதி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான். மின்சாரச் செலவில் பெரும்பகுதி அங்கேயே போகிறது. நிலைய ஆபரேட்டர் தினமும் காற்றோட்டத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் நீரை எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைப்பார். பழுப்பு ஸ்லட்ஜ் எவ்வளவு படிகிறது, மேலே நிற்கும் நீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார். படியாமல் கலங்கலாக நின்றால், யாரோ ஏதோ ஓர் அமிலத்தையோ கரைப்பானையோ திறந்துவிட்டிருக்கிறார்கள், தொட்டியில் இருந்த உயிர்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். மீண்டும் அவற்றை வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும்.

நாணலும் சம்பும் நட்டு அவற்றின் வேர் வழியே கழிவுநீரை விடும் நாணல் படுகை இந்த இரண்டு தொல்லைகளுக்கும் மாற்று தருவதாகச் சொல்கிறது: காற்றூதி வேண்டாம், திடீர் அதிர்ச்சியில் உயிர்கள் கூண்டோடு சாகாது.

எப்படி என்று தெரிய வேண்டுமானால் ஒரு சம்புச் செடியைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பார்க்கலாம். தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வரிசை வரிசையாகக் காற்றறைகள் தெரியும். இலை வாங்கும் காற்று அந்த அறைகள் வழியாக வேர்வரை இறங்குகிறது. சுற்றியுள்ள சேறு கரிக்கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் அறவே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. வேரைக் கழுவிப் பார்த்தாலோ அதன் மேல் துருவின் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் சேற்றிலிருந்த இரும்பைத் துருவாக்கி வேர்மேலேயே படியவைத்திருக்கிறது. அந்தத் துருப் பூச்சில் ஆர்சனிக், குரோமியம் போன்றவை ஒட்டிக்கொள்ளும். வேரை ஒட்டி ஆக்சிஜனை நம்பி வாழும் பாக்டீரியா. சில மில்லிமீட்டர் தள்ளினால் ஆக்சிஜனே ஆகாத பாக்டீரியா. இரண்டுக்கும் இடையே கழிவுநீர் ஊர்ந்து செல்கிறது. பொறியாளர்கள் இரண்டு தனித்தனித் தொட்டி கட்டிச் செய்கிற வேலை இங்கே ஒரு விரற்கடை தூரத்துக்குள் நடக்கிறது.

வேரைச் சுற்றிய மண்ணில் மட்டும் உயிர்கள் இப்படி நெருங்கி வாழ்வதை 1904இல் ஜெர்மானியர் லோரன்ஸ் ஹில்ட்னர் தனிப் பகுதியாக அடையாளம் காட்டினார். செடி ஒளியில் சமைத்த சர்க்கரையிலும் அமிலத்திலும் ஒரு பங்கை வேர் வழியே வெளியே விடுகிறது, அதற்காகத்தான் கூட்டம். இன்னொரு கூட்டம் இன்னும் உள்ளே போகிறது. பக்கவேர் முளைக்கும் இடத்தில் விழும் வெடிப்பு வழியாக நுழைந்து, திசுக்களின் இடைவெளியில் செடிக்குத் தீங்கு செய்யாமல் தங்கிவிடுகிறது. அன்டன் டி பாரி 1866லேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். முதல் வகை திண்ணையில் படுத்திருப்பவர், இரண்டாம் வகை வீட்டுக்குள் இருப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே நீரில் என்ன மாறினாலும் உள்ளே இருப்பவருக்குப் பாதிப்பு குறைவு. இன்றைய ஆய்வுகளில் பல இந்த உட்குடி நுண்ணுயிர்களைப் பற்றியவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

செடிகளைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறைக்கு அடி போட்டவர் கேத்தே சைடல் என்ற ஜெர்மன் பெண் தாவரவியலர். 1950களில் ப்ளோன் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கோரை வகை ஒன்றை ஃபீனால் கலந்த நீரில் வளர்த்துக் காட்டினார். ஆக, இந்த முறை பிறந்தபோதே ஆலைக் கழிவை நோக்கித்தான் பிறந்தது. அவருக்குப் பின் வந்த ரைன்ஹோல்ட் கிக்கூத் வேர் மண்டல முறை என்ற பெயரில் மண் படுகைகளை அமைத்தார். 1974இல் ஓத்ஃப்ரேசனில் ஊர்க் கழிவுநீருக்கு முதல் முழு அளவுப் படுகை வந்தது. வேர்கள் வளர வளர மண் இளகி நீர் தாராளமாக ஊடுருவும் என்று அவர் கணக்கிட்டார். ஊடுருவவில்லை. மண் அடைத்துக்கொண்டு, கழிவுநீர் மேலாக வழிந்தது. பொறியாளர்கள் மண்ணைத் தூக்கிவிட்டு ஜல்லிக்கு மாறினார்கள். இந்தத் துறையில் வாக்குறுதி முன்னே ஓடுவதும் அனுபவம் பின்னால் நொண்டி வருவதும் அப்போதே ஆரம்பித்த பழக்கம். வேர் எவ்வளவு ஆக்சிஜன் கசியவிடுகிறது என்ற அடிப்படைக் கேள்விக்கே இன்றும் ஒத்த பதில் இல்லை. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கும் வெகு கீழே என்று அளந்தவர்கள் இருக்கிறார்கள், 12 கிராம் வரை என்றவர்களும் இருக்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் மும்பைக்காரர்கள் அல்லர், கோலாப்பூர்க்காரர்கள். பக்கத்தில் இச்சல்கரஞ்சி, விசைத்தறியும் சாயப்பட்டறையும் நிறைந்த ஊர், பஞ்சகங்கா ஆற்றை நிறம் மாற்றிய ஊர். கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் சஞ்சய் கோவிந்த்வாரின் குழு சாயக் கழிவைச் செடிக்கும் நுண்ணுயிருக்கும் சேர்த்துக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட செடிகளைப் பார்த்தால் நம் வீட்டு மொட்டை மாடி ஞாபகம் வரும்: டேபிள் ரோஸ் என்று நாம் தொட்டியில் வளர்க்கும் பத்துமணிப் பூ, செண்டுமல்லி, ஆஸ்டர்.

ஜவுளியில் அதிகம் புழங்குபவை அசோ சாயங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்த பிணைப்பில்தான் நிறம் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியா இந்தப் பிணைப்பை எளிதில் அறுத்துவிடும். நிறம் போய்விடும், பார்ப்பவர்களுக்குத் திருப்தி. ஆனால் அறுந்த துண்டுகள் அரோமாட்டிக் அமீன்கள். சில வகைகள் புற்றுநோய் வரவழைப்பவை. அவற்றை மேலும் சிதைக்க ஆக்சிஜன் வேண்டும். கறுப்புச் சேறும் துருப் பூச்சும் அடுத்தடுத்து இருக்கும் வேர் மண்டலம் இதற்கென்றே செய்தது போலிருக்கிறது. பத்துமணிப் பூவையும் சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியாவையும் சேர்த்து விட்டபோது, டைரக்ட் ரெட் 5பி சாயத்தைத் தனித்தனியே சிதைத்ததைவிட வேகமாகச் சிதைத்தன என்று கோலாப்பூர்க் குழு காட்டியது. ஒன்றின் நொதிகள் மற்றதன் நொதிகளுக்குத் துணைநின்றன. சிவப்புப் பூப்பூக்கும் ஒரு கொடித் தாளியின் வேருக்குள் இருந்த கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சை அதே வேலையில் செடிக்குத் துணைபோனதையும் பின்னர் அவர்கள் கண்டார்கள்.

நிறம் போனதை மட்டும் வைத்துச் சுத்தத்தை அளப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே தலைகீழான உதாரணம் ஒன்று உண்டு. 2017 ஆகஸ்டில் தளோஜாவில் தெருநாய்கள் நீல நிறமாகத் திரிந்த படம் உலகம் முழுக்கப் பரவியது. காசாடி ஆற்றில் கலந்த நிறமிதான் காரணம். படம் வந்ததால் அதிகாரிகள் ஓடினார்கள். நிறமில்லாத கழிவு கலந்திருந்தால் யார் ஓடியிருப்பார்கள்?

ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் எல்லைக்கு அப்பால் இருக்கிறார்கள். பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் உயிர்த்தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒன்றில் முகமது அஃப்சலின் குழு மிதக்கும் பாய்களில் நாணல், சம்பு, எருமைப்புல் போன்றவற்றை நட்டு, வேர் நீரில் தொங்கும்படி குளத்தில் மிதக்கவிட்டது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்களைத் தேர்ந்து அந்த வேர்களில் ஏற்றியது. சக்வால் மாவட்ட எண்ணெய்க் கிணறு ஒன்றின் கழிவுக் குட்டையில் 3,058 சதுர மீட்டர் பாய். 18 மாதக் கண்காணிப்பு. நீரிலிருந்த ஹைட்ரோகார்பன் 99 சதவீத அளவுக்குக் குறைந்தது என்று 2019இல் வெளியிட்டார்கள். இதே குழு சாயக் கழிவுக்கும் இந்த முறையைப் பயன்படுத்திப் பார்த்தது. வெயில், ஏழ்மை, கட்டுப்பாடற்ற ஆலைகள் எல்லாம் நம்முடையதைப் போன்றே இருக்கும் ஒரு நாட்டில் நடந்தது என்பதால், ஐரோப்பியப் படுகைகளைவிட இந்த அனுபவம் நமக்கு நெருக்கமானது. தில்லியிலும் மும்பையிலும் இதைப் பற்றி அதிகம் பேசக் காணோம். காரணம் அறிவியல் அல்ல என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு முட்டுக்கட்டைக் கேள்வி இருக்கிறது. அந்த 99 சதவீதத்தில் வெளியிலிருந்து ஏற்றிய பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு, செடியின் பங்கு எவ்வளவு, வெயிலில் ஆவியாகிப் போனதும் அடியில் படிந்ததும் எவ்வளவு? சிறு தொட்டிகளில் இதைப் பிரித்துப் பார்க்கலாம், பிரித்தும் பார்த்திருக்கிறார்கள், பாக்டீரியா ஏற்றிய தொட்டி பெரும்பாலும் முந்துகிறது. முழு அளவில் செய்யும்போது பாக்டீரியா ஏற்றாத இன்னொரு குளத்தை ஒப்பீட்டுக்கு வைப்பது அரிது. பல ஆய்வுகள் சில வாரங்களோடு முடிந்துவிடுகின்றன. அதற்குள் புதிதாக வந்த பாக்டீரியாவை ஏற்கெனவே அங்கிருந்தவை விரட்டியிருக்காது. ஆறு மாதம் கழித்து யார் மிஞ்சினார்கள் என்பதுதான் தெரிய வேண்டியது.

மரபணு மாற்றிய உட்குடி பாக்டீரியாவின் கதையும் உண்டு. 2004இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் டொலுவீனைச் சிதைக்கும் பிளாஸ்மிடை பர்க்ஹோல்டேரியா செப்பாசியாவில் ஏற்றி, அதை மஞ்சள் லூப்பின் செடிக்குள் குடியமர்த்தினார்கள். இலை வழியே காற்றில் கலக்கும் டொலுவீன் பாதிக்கு மேல் குறைந்தது. பெரிய செய்திதான். ஆனால் அந்த பாக்டீரியா இனம் நுரையீரல் நோயாளிகளைத் தாக்கக்கூடியது. இயற்கையாகவே கிடைக்கும் பாக்டீரியாவைத் தேடியவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷாரன் டாட்டி. பாப்லர் மரத்துக்குள் வாழும் ஒரு எண்டரோபாக்டரைக் கண்டுபிடித்து, சிலிக்கான் பள்ளத்தாக்கில் ட்ரைகுளோரோஎத்திலீன் கலந்த நிலத்தடி நீரின்மேல் நட்ட மரங்களில் ஏற்றினார். 2017இல் வந்த முடிவில் ஏற்றிய மரங்கள் நன்றாகவே வளர்ந்திருந்தன, நஞ்சும் குறைந்திருந்தது. இந்தியாவில் மரபணு மாற்றிய நுண்ணுயிரைத் திறந்த நிலத்தில் விடுவதற்கு 1989ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி வேண்டும். எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கி 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் காப்புரிமை வென்ற ஆனந்த சக்ரவர்த்தி வங்காளிதான். அதனால் நம் சட்டம் இளகிவிடவில்லை, இளக வேண்டிய அவசரமும் இல்லை. 2017 ஜனவரியில் எண்ணூரில் கப்பல்கள் மோதிக் கரையொதுங்கிய எண்ணெய்ச் சேற்றைக் குழியில் கொட்டிச் சிதைக்க இயற்கை பாக்டீரியாவைத்தான் பயன்படுத்தினார்கள்.

உலோகத்துக்கு வந்தால் கதையே வேறு. சாயத்தையும் எண்ணெயையும் தின்று கரியமில வாயுவும் நீருமாக ஆக்கலாம். குரோமியத்தைத் தின்ன முடியாது, அது தனிமம். ஆறு இணைதிறன் கொண்ட நச்சு வடிவத்தை பாக்டீரியா மூன்று இணைதிறன் வடிவமாக மாற்றும், அது கரையாமல் படியும் அல்லது வேரில் சேரும். அவ்வளவே. பாகிஸ்தான் பஞ்சாபில் தோல் ஆலைக் கழிவு பாய்ந்த நிலத்தில் செழித்து நின்ற மரத்தின் வேரிலிருந்தும் வேருக்குள்ளிருந்தும் குரோமியத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார்கள் என்று 2015இல் ஒரு கட்டுரை வந்தது. எந்த மரம்? சீமைக்கருவேலம். அதை வேரோடு பிடுங்கச் சொல்லி 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டதும், ஊர் ஊராக ஜேசிபி இறங்கியதும் நினைவிருக்கும். சீமைக்கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் பின்னால் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு மலையாகக் குவிந்திருந்த இடத்தைச் சுற்றி இயல்பாக எது முளைக்கிறது, அதன் வேரில் என்ன வாழ்கிறது என்பதைப் பிடுங்கும் முன் பார்த்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

உலோகத்தை வேர் பிடித்துவைத்தால், அறுவடை செய்த அந்தச் செடி என்னாகும்? அது இப்போது அபாயக் கழிவு. ஆட்டுக்குப் போடக் கூடாது, எரிக்கக் கூடாது, உரக்குழிக்கும் போகக் கூடாது. முறைப்படி மஹாபேயிலோ தளோஜாவிலோ உள்ள அபாயக் கழிவு நிலக்கிடங்குக்குப் போக வேண்டும், எடைக்குப் பணம் கட்டி. இந்தச் செலவை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் பாபா அணு ஆய்வு மையத்தில் வெட்டிவேரை வைத்து நடந்த ஆய்வில் இந்த நேர்மை இருந்தது. 2008இல் வெளியான அதில், கரைசலில் விட்ட வெட்டிவேர் 168 மணி நேரத்தில் ஸ்ட்ரான்ஷியத்தில் 94 சதவீதத்தையும் சீசியத்தில் 61 சதவீதத்தையும் இழுத்துக்கொண்டது. அணுக்கழிவைக் கையாளுபவர்களுக்கு அந்தச் செடியை அடுத்து எங்கே வைப்பது என்று தெரியும். குரோமியம் கலந்த நாணலை வெட்டிய மாநகராட்சி ஒப்பந்தக்காரருக்கு?

தோல் என்றதும் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலித் தமிழ் முஸ்லிம்கள் வந்து தோல் பதனிடும் தொழிலில் கால் ஊன்றிய இடம். 1971இல் அறவைக்கூடம் பாந்த்ராவிலிருந்து தேவனாருக்குப் போன பின் பதனிடும் கூடங்கள் சுருங்கின. இன்று அங்கே பெரும்பாலும் தோல் பொருள் தைக்கிறார்கள், பதனிட்ட தோல் வெளியூர்களிலிருந்து வருகிறது. அதாவது தாராவியின் குரோமியம் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் இடம் பெயர்ந்தது. நம்மவர்கள் நம்மவர்களுக்கே அனுப்பிவைத்தது. பாலாற்றின் கதியைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. தாராவியில் இப்போது மிட்டி ஆற்றுக்குள் போவது டிரம் கழுவிய நீர், சாயம், பிளாஸ்டிக் கழுவிய நீர், மலநீர் எல்லாம் சேர்ந்த கலவை. இந்தக் கலவைக்கு நாணல் படுகை வடிவமைக்க முடியாது. என்ன வருகிறது என்பதே நாளுக்கு நாள் மாறும். வைக்க இடமும் கிடையாது. தாராவி ஓரத்தில் பழைய குப்பைமேட்டின்மேல் மரம் வளர்த்து உருவாக்கிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா 37 ஏக்கர். அதைத் தொடாமல் விட்டாலே போதும்.

இடத்தைப் பற்றிய கணக்கை ஒருமுறை போட்டுவிடலாம். தாணே–பேலாப்பூர் பொது நிலையத்தின் 27 மில்லியன் லிட்டர் என்பது 27,000 கன மீட்டர். ஜல்லிப் படுகையில் நாளொன்றுக்கு 5 செ.மீ. உயரத்துக்குக் கழிவுநீர் விடலாம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் 5,40,000 சதுர மீட்டர் வேண்டும். 54 ஹெக்டேர், ஏறத்தாழ 133 ஏக்கர். மேலே சொன்ன பூங்காவைப் போல மூன்றரை மடங்கு. நவி மும்பையில் அவ்வளவு காலி நிலம் ஒரே துண்டாக எங்கே இருக்கிறது? கழிமுகத்தின் ஓரக் கண்டல் காட்டில்தான். அதைத் தொட்டால் மும்பை உயர் நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டு உத்தரவும் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பும் குறுக்கே நிற்கும். நிற்கவும் வேண்டும்.

"கண்டல் தானே இயற்கை வடிகட்டி, அதையே பயன்படுத்தினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கண்டல் வேரடிச் சேறு உலோகத்தைப் பிடித்துவைப்பது உண்மைதான். அங்குள்ள பாக்டீரியாவும் எண்ணெயைச் சிதைக்கிறது. ஆனால் பிடித்துவைத்தது அங்கேயேதான் இருக்கிறது, நண்டிலும் மீனிலும் ஏறுகிறது. தாணே கழிமுகத்தில் பூநாரைகள் பெருகியதற்கே சாக்கடைச் சத்தில் கொழுத்த பாசி ஒரு காரணம் என்று பறவையியலாளர்கள் கருதுகிறார்கள். சுத்திகரிப்பு நிலையமும் சரணாலயமும் ஒரே நிலமாக இருக்க முடியாது.

நிலத்தைவிடப் பெரிய வரம்பு உப்பு. தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திருப்பூரில் சாயம் ஏற்ற ஒரு லிட்டர் நீருக்கு ஐம்பது, அறுபது கிராம் உப்புப் போடுகிறார்கள். அது அத்தனையும் கழிவில் வருகிறது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியானது. நொய்யல் விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு வந்ததே துளி நீரும் வெளியே விடாத முறை: சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி, கரியும் மின்சாரமும் தின்னும் இயந்திரங்கள். உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது. நாணல் ஓரளவு தாங்கும், அவ்வளவே. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மி.கி. தாண்டக் கூடாது என்ற வரம்புக்குள் சாயக் கழிவை நாணல் படுகை கொண்டுவரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சவ்வுக்குப் போகும் முன் கரிமக் கழிவைக் குறைத்துச் சவ்வு அடைபடாமல் காக்க இது உதவலாம். அது சிறிய உதவியல்ல. ஆனால் விளம்பரத்தில் சொல்வதும் அது அல்ல.

இனி, மும்பையில் ஏற்கெனவே இருப்பவை. நாக்பூரின் நீரி நிறுவனம் காப்புரிமை பெற்ற ஃபைட்டோரிட் படுகை மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலீனா வளாகத்தில் அமைந்தது. பவாய் ஐஐடியில் வேதிப் பொறியியல் பேராசிரியர் எச். எஸ். சங்கர் மண், செடி, மண்புழு, பாக்டீரியா எல்லாம் சேர்ந்த மண் உயிர்த்தொழில்நுட்ப முறையை உருவாக்கினார். இரண்டும் நன்றாக வேலை செய்பவை. இரண்டின் பலமும் வீட்டுக் கழிவுநீரில்தான். வீட்டுக் கழிவில் நுண்ணுயிர் தின்னக்கூடிய பங்கு மொத்தத்தில் பாதியளவு இருக்கும். மருந்து ஆலைக் கழிவில் அது மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். மிச்சத்தை எந்த வேரடியில் போட்டாலும் உண்ண ஆளில்லை. விற்பனையாளர் அடுக்ககத்தில் கிடைத்த எண்ணை எடுத்துக்கொண்டு எம்ஐடிசிக்குப் போகும்போது இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

தின்ன முடியாததைத் தின்னும்படி உடைத்துக் கொடுப்பது ஒரு வழி. மாதுங்காவில், தமிழர்கள் தினமும் கடந்து போகும் இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்தில் (1933இல் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கியது) ஏ. பி. பண்டிட்டும் அவருடைய மாணவர்களும் நீரை ஒரு நெருக்கமான துளை வழியே பாய்ச்சி, உண்டாகும் நுண்குமிழ்கள் வெடிக்கும் விசையில் கடினமான மூலக்கூறுகளை உடைக்கும் முறையை வளர்த்திருக்கிறார்கள். முதலில் அது, பிறகு பொது நிலையத்தின் காற்றோட்டத் தொட்டி, கடைசியில் நாணல் படுகையோ மிதக்கும் பாயோ. இந்த வரிசையில் வைத்தால் வேரடி நுண்ணுயிருக்கு நியாயமான வேலை கிடைக்கும்: முந்தைய படிகளில் தப்பிய மிச்சத்தை மெதுவாக, மின்சாரமின்றித் தின்பது. 54 ஹெக்டேர் வேண்டாம். வளாகத்துக்குள் இருக்கும் சேமிப்புக் குளத்தில் மிதக்கவிடலாம். மும்பையில் குளிர்காலம் பெயருக்குத்தான் என்பதால் ஆண்டு முழுவதும் பாக்டீரியா சுறுசுறுப்பாக இருக்கும். ஜெர்மானியர்களுக்கு இல்லாத வசதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் இரண்டு மீட்டர் மழைதான் இங்கே தேர்வு. அந்த நான்கு மாதமும் எண்கள் நன்றாகத்தான் வரும், மழைநீர் கலந்து நீர்த்துப்போவதால்.

சான்பாடா, வாஷி, நேருல் பக்கம் நகர வளர்ச்சிக் கழகமான சிட்கோ அமைத்த வெள்ளநீர்த் தேக்கக் குளங்களில் மிதக்கும் பாய்களைப் போடலாம் என்ற யோசனையும் எழக்கூடும். அங்கே கண்டல் முளைத்துவிட்டதால் தூர்வாருவதற்கே நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. எந்த ஆலையின் கழிவு என்று அடையாளமில்லாமல் வந்து சேரும் இடத்தில் சுத்திகரிப்பு வைப்பது, திருட்டுத்தனமாகத் திறந்துவிடுபவருக்கு இலவசமாக வேலை செய்து கொடுப்பது. ஆலை வாசலுக்கு உள்ளே வைக்க வேண்டும், வெளியே அல்ல.

பயோ கல்ச்சர் என்ற பெயரில் விற்கும் பொட்டலங்களைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. வெல்லத்தில் ஊறவைத்து நாலாவில் ஊற்றுவது, உருண்டை பிடித்து ஏரியில் எறிவது எல்லாம் ஒரு வாரத்துக்கு நாற்றத்தைக் குறைக்கலாம். வீடு கொடுக்காமல் ஆளை மட்டும் இறக்குமதி செய்வது அது. வேர், துருப் பூச்சு, காற்றறை, கசியும் சர்க்கரை ஆகியவை இருக்கும் இடத்துக்கு ஏற்ற உயிர்கள் பெரும்பாலும் தாமாகவே வந்துவிடும். நாலா ஓரத்துச் சம்புக்கு யாரும் பொட்டலம் வாங்கிப் போடவில்லை.

எனவே ஆலை முதலாளிகளுக்கும், பொது நிலையத்தை நடத்தும் சங்கங்களுக்கும், டெண்டர் விடும் அதிகாரிகளுக்கும், அந்த டெண்டரைக் கேள்வி கேட்கும் குடியிருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். வேரடி நுண்ணுயிர்த் திட்டத்தோடு யார் வந்தாலும் மூன்றைக் கேளுங்கள். மழைக்காலம் உட்பட ஓராண்டு முழுமைக்கும் உள்ளே வந்த நீரின் சோதனை எண்களும் வெளியே போன நீரின் சோதனை எண்களும், நிறத்துக்கு மட்டுமல்லாமல் அமீனுக்கும் உலோகத்துக்கும் சேர்த்து, இருக்கின்றனவா? பாக்டீரியா ஏற்றாத படுகையை ஒப்பீட்டுக்கு வைத்தீர்களா? வெட்டிய செடி எந்தக் கிடங்குக்குப் போயிற்று, ரசீது எங்கே? மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவருக்கு வளாகத்தில் ஒரு குளத்தைக் கொடுங்கள். மற்றவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.